ஜோடி இல்லாத எட்டு நாள்

கள்ளுக்கடைக்குப் போகும் இளவட்டங்களைத் திருத்த எங்கள் தெருவில் ஒரு கூட்டம் சேர்த்தோம். அதில் நானும் இருந்தேன் என்று சொல்ல இன்று எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆம்பூரில் பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் மண்டியில்தான் தெரு முழுக்க வேலை. அந்த நாற்றத்தில் பகலெல்லாம் நின்றவனுக்குக் கள் இல்லாமல் சோறு இறங்காது என்பார்கள். மீசை முளைக்காத பையன்கள்கூட மொந்தையும் கையுமாக உட்கார்ந்துவிட்டார்கள். அந்தக் கோடையில் ஒருவன் போதையில் தண்டவாளத்தில் படுத்துச் செத்த பிறகுதான் எங்களுக்குச் சுரணை வந்தது.

முதலில் நல்லதைத்தான் செய்தோம். வேலை விட்டதும் பையன்களை ஆற்று மணலில் சடுகுடு ஆட வைத்தோம். சபை உபதேசியார் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். வேதக்காரன், இந்து என்று பார்க்காமல் எல்லோரும் வந்தார்கள். கடைப்பக்கம் கூட்டம் குறைந்தது. அதோடு நின்றிருக்கலாம். பொறுமை ஏது எங்களுக்கு? மீறிக் குடித்தவனுக்கு எட்டு நாள் ஜோடி கிடையாது என்று கட்டுப்பாடு போட்டோம்.

சுண்ணாம்புத் தொட்டியில் ஊறும் எருமைத் தோலை ஒருவன் தூக்க முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஆளுக்கொரு முனையை இடுக்கியால் கவ்வி, ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். அந்த இருவர்தான் ஜோடி. பெண்டாட்டியிடம் கோபித்துக்கொண்டவன்கூட ஜோடியிடம் முகம் திருப்பமாட்டான். அதையே பிடுங்கினால் ரோஷம் வந்து திருந்துவான், எட்டு நாள் வீட்டில் கிடப்பான் என்று நினைத்தோம். வீட்டில் கிடந்தால் அடுப்பு எரியாதே என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

முதலில் சிக்கியவன் என் ஜோடி. இருபது வயது. அப்பன் இல்லை, அம்மாவுக்கு ஒரே பிள்ளை. அவனுக்கு எதிராகக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். சொந்த ஜோடி என்றும் பார்க்காத நியாயஸ்தன் என்று பெயர் வாங்கும் ஆசை, வேறென்ன.

ஆறாம் நாள் காலையில் மண்டி வாசலில் என்னை மறித்து, என் முகத்தில் ஊதிக் காட்டினான்.

"பாருண்ணே, வாசனை இருக்குதா? ஆறு நாளா தொடல. அம்மாவுக்குக் கஞ்சி இல்லண்ணே. இன்னிக்கு மட்டும் ஒரு கை புடி."

"இன்னும் ரெண்டு நாள்தானே? பேஜார் பண்ணாத, போ" என்றேன்.

தொட்டிக்குப் போய்த் தனியாகவே இழுத்தான். பாதிக்கு மேல் வந்த தோல் சறுக்கி உள்ளே போனது. இடுக்கியை விடாமல் அவனும் தலைகுப்புறத் தொட்டிக்குள் விழுந்தான். நான் அடுத்த தொட்டியில் நின்றிருந்தேன். ஓடவில்லை. எதிரே, அந்த எட்டு நாளைக்கு எனக்கு ஜோடியான கூட்டத்துத் தலைவர் நின்றிருந்தார்; தொடலாமா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அதற்குள், ஆற்காட்டிலிருந்து புதிதாக வந்த, எங்கள் கட்டுப்பாடு தெரியாத ஒருவன் குதித்து அவனை வெளியே போட்டான். தண்ணீரை ஊற்ற ஊற்றக் கண்ணைப் பொத்திக்கொண்டு அவன் அலறினான்.

கூட்டம் அன்றோடு கலைந்தது. சடுகுடுவும் நின்றது. பையன்கள் மறுபடியும் கடைக்குப் போனார்கள். தடுக்க எங்களில் ஒருவனுக்கும் முகமில்லை.

வேலூர் ஆஸ்பத்திரிக்கு நான் போவதற்குப் பத்து நாள் ஆனது. இரண்டு கண்ணும் போய்விட்டது என்று சொல்லியிருந்தார்கள். என் குரல் கேட்டதும் கையை நீட்டித் துழாவினான்.

"நான் வுழுந்தப்போ நீ எங்கண்ணே இருந்த?"

"தூரமா இருந்தேன்டா. பட்டை இடிக்கிற கொட்டாய்ல."

"அதான பார்த்தேன். கிட்ட இருந்திருந்தா வுட்டிருப்பியா நீ?" என்று என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.