பிரெஞ்சு விமர்சகருக்கு ஸ்லைடு போட்ட நாள்

லேப்டாப்பைச் செருகிப் படம் காட்டும் பிள்ளைகளுக்கு ஸ்லைடு புரொஜெக்டர் தரும் பயம் தெரியாது. தொண்ணூறுகளில் ஜெர்சி சிட்டியில் ஒரு கல்லூரி ஆடிட்டோரியத்தில் நான் ஆபரேட்டர். பாண்டிச்சேரியில் படித்ததால் பிரெஞ்சு கொஞ்சம் வரும். அதனால் பாரிஸிலிருந்து பேச வந்த தத்துவப் பேராசிரியரை என் தலையில் கட்டினார்கள். ஓவிய விமர்சனத்தில் பெரிய பெயர். ஒரு படத்தின் முன் நாள் முழுக்க நிற்காதவன் அதைப் பற்றி வாயே திறக்கக்கூடாது என்பது அவர் கட்சி.

"சொதப்பிடாதப்பா," என்றார் மேனேஜர் செல்வராஜ், திருச்சிக்காரர். "டீனே வர்றார். உன் கிரீன் கார்டு பேப்பர்ல நான்தான் சைன் பண்ணணும், பாத்துக்கோ."

மதியம் ஒத்திகை. பேராசிரியர் என்னையும் 'முசியே', அதாவது சார், என்றே கூப்பிட்டார். ஸ்லைடு என்ற சின்ன ஃபிலிம் சட்டத்தை டிரேயில் தலைகீழாகச் செருகினால்தான் திரையில் நேராக விழும். பதற்றத்தில் ஒன்றை நேராகச் செருகிவிட்டேன். திரையில் ஒரு பெண் தலைகீழாகத் தொங்கினாள். அவர் அதையே பார்த்தபடி, "நல்லா இருக்கு. அடுத்தது," என்றார் பிரெஞ்சில்.

அவசரமாக ஸ்லைடைப் பிடுங்கித் திருப்பிச் செருகினேன். அந்தச் சத்தத்திலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"கண்டுபிடிச்சிட்டீங்க, முசியே. கண்ணு போய் ஒரு வருஷமாச்சு. ஓரத்துல தெரியற நிழலை வெச்சு நடந்துடுறேன். வெளிய தெரிஞ்சா நான் எழுதின எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க. சொல்லிடாதீங்க."

மாலையில் அரங்கு நிறைந்துவிட்டது. அவர் திரைக்கு முதுகு காட்டி நின்று, மனப்பாடமாகப் பேசி, ரிமோட்டை அழுத்தினார். கடைசிப் படம், ஒரு வெள்ளை ஜாடி, விழுந்த உடனே பல்பு போய்விட்டது. முதுகு காட்டி நின்ற அவருக்கு அது தெரியவில்லை; புரொஜெக்டரின் ஃபேன் மட்டும் ஓடியது. அந்தச் சத்தத்தை நம்பி, "இந்த மூலையில் நீலம் ஒளிந்திருக்கிறது, பாருங்கள்" என்று இருட்டைச் சுட்டிக்காட்டினார். யாராவது ஒருவர் குரல் கொடுத்தால் அவர் மானம் போய்விடும்.

செல்வராஜ் ஓடி வந்தார். "லைட்டைப் போடு. நிறுத்தச் சொல்றேன்."

சுவிட்சைக் கையால் மறைத்தேன். "வேணாம் சார். அவரே முடிச்சிடுவார்."

"டீனுக்கு யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் சார்."

கூட்டத்தில் ஒருவரும் இருமக்கூட இல்லை. வேண்டுமென்றே இருட்டாக்கினார் என்று நினைத்தார்களோ என்னவோ, அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பிறகு கைதட்டல் வெகுநேரம் நிற்கவில்லை. செல்வராஜ் சார் என் பேப்பரில் கையெழுத்துப் போடாமல் மாதக்கணக்கில் இழுத்தடித்தார். ஸ்பேர் பல்பைப் பக்கத்திலேயே வைத்திருங்கள். அதுவும் போனால், மேடையில் நிற்பவரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அன்று படியிறங்கும்போது பேராசிரியர் என் கையைத் தேடிப் பிடித்தார்.

"கடைசிப் படத்தைப் பார்த்தாங்களா?"

"எல்லாரும் பார்த்தாங்க, முசியே," என்றேன்.