முகத்தைப் பார்த்தாலே தெரியும்

கொடுத்து வைத்தவள் என்றுதான் சொந்தக்காரர்கள் அவளைச் சொல்வார்கள். போகப் போக அதுவே பட்டப்பெயராகிவிட்டது. அக்கா போன் போட்டால், "என்னடி கொடுத்து வச்சவளே, எப்படி இருக்கே?" என்றுதான் ஆரம்பிப்பாள். அதில் பாதி பாசம், பாதி வயிற்றெரிச்சல். எரியாதா பின்னே? அக்கா வீட்டுக்காரர், பெண்டாட்டி காய்ச்சலில் முனகிக்கொண்டு கிடந்தாலும் வாசலில் நின்றபடி "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்கிற ரகம். இவள் வீட்டுக்காரரோ, இவள் வாயைத் திறக்கும் முன்பே மனசில் இருப்பதைச் சொல்லிவிடுவார்.

கதை அளக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இடுப்பு வலிக்கிறது என்று இவள் யாரிடமும் மூச்சு விட்டிருக்க மாட்டாள்; சாயங்காலம் அவர் வெந்நீர்ப் பையோடு வந்து நிற்பார். ஏதோ ஒரு செருப்பின் மேல் ஆசைப்பட்டு, விலையைப் பார்த்து வேண்டாம் என்று விட்டிருப்பாள். அடுத்த வாரம் அதே செருப்பு, அதே நிறம், அவள் கால் அளவில், பெட்டியோடு கட்டில் மேல் இருக்கும். எப்படிங்க தெரிந்தது என்று கேட்டால் தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரு சிரிப்பு.

"உன் முகத்தைப் பாத்தாலே தெரிஞ்சுடும். எனக்குத் தெரியாம உனக்குள்ள அப்படி என்ன இருக்கு?"

அவ்வளவுதான், இவள் உருகிப் போவாள். அக்காவிடம் சொல்வாள், நாத்தனாரிடம் சொல்வாள், பல் பிடுங்க வந்து வீங்கிய கன்னத்தோடு உட்கார்ந்திருப்பவர்களிடம்கூடச் சொல்வாள். பதில் பேச முடியாத ஆட்கள் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேஜை வேலை அவளுக்கு. கண்ணாடிக் கதவு, சுவரோரமாக வரிசையாய் இரும்பு நாற்காலிகள், எந்நேரமும் கிராம்பு எண்ணெய் வாசனை. உள்ளே டாக்டரம்மாவின் கருவி 'ர்ர்ர்' என்று ஆரம்பித்ததும் வெளியே இருப்பவர்கள் முகம் மாறும். அந்த முகங்களைப் படிப்பதில் அவள் கெட்டிக்காரி. எவர் மயக்கம் போடுவார், எவர் செருப்பை மாட்டிக்கொண்டு நைசாக நழுவப் பார்க்கிறார், எந்தப் பிள்ளை டாக்டரம்மாவின் விரலைக் கடிக்கப் போகிறது, எல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவாள். ஒரு முகத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் முதலில் அதைப் பார்க்க வேண்டும். வீட்டில் அவர் இவள் முகத்தை எப்போது பார்த்தார் என்று மட்டும் அவள் யோசித்ததே இல்லை. அவர் கண் டிவியில் இருக்கும், இல்லாவிட்டால் தட்டில் இருக்கும். வெந்நீர்ப் பை கைக்கு வந்துவிட்டால் இதையெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள்?

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரே கிளினிக்குக்கு வந்து கம்ப்யூட்டரைச் சரிசெய்து கொடுத்தார். அவளுக்கென்று ஒரு மெயில் கணக்கு தொடங்கி, பிரவுசரில் நுழைத்து, போனிலும் அதையே போட்டுவிட்டார். "பாஸ்வேர்டெல்லாம் நான் ஞாபகம் வச்சுக்கறேன். நீ எதுக்குச் சிரமப்படணும்?" என்றார். பாஸ்வேர்டு வேறொன்றும் இல்லை, கல்யாணத் தேதி. டாக்டரம்மாகூட, "உனக்கு வாய்ச்சவர் மாதிரி வராதும்மா" என்றார்.

அவர்கள் பெண் வெளியூருக்குப் படிக்கப் போன வருஷம் ஒன்று நடந்தது. பக்கத்து ஊரில் டாக்டரம்மா இன்னொரு கிளினிக் திறந்தார். "நீ போய் அதை நடத்து. ஆள் எடுக்கறதுலேர்ந்து எல்லாம் உன் பொறுப்பு. மாடியிலயே ஒரு அறை இருக்கு, வாரக்கடைசிக்கு வீட்டுக்குப் போயிக்கலாம்" என்றார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டம் இல்லாத மத்தியான நேரங்களில் அந்த ஊர்ப் பஸ் நேரம் பார்த்தாள், தெருவின் படம் பார்த்தாள், ஆட்களை வைத்து வேலை வாங்குவது எப்படி என்று தேடித் தேடிப் படித்தாள். வீட்டில் எப்படிப் பேச்சை எடுப்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது, சாப்பாட்டின் நடுவில் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"கொஞ்ச நாளா உன் மனசு இங்க இல்ல. எங்கயோ வெளியூருக்குப் போகணும்னு பறக்குது. சரியா?"

அவள் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது.

"முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கே. வேண்டாம்மா. உன் உடம்புக்கு அலைச்சல் ஒத்துக்காது. நீ இல்லாம நான் மட்டும் இந்த வீட்ல என்ன பண்றது?"

தன் மனசை இப்படி வரி வரியாகப் படிக்கிற மனுஷனை விட்டுவிட்டு எங்கே போவது? மறுநாளே டாக்டரம்மாவிடம் மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்காரர் ஒன்றும் கட்டாயப்படுத்தவில்லை, தடுக்கவும் இல்லை. இவளே மனசார விட்டுக்கொடுத்தாள். வேறொரு பெண் போனாள். விட்டுக்கொடுத்ததைக்கூட இவள் பெருமையாகத்தான் அக்காவிடம் சொன்னாள். என்ன பெண்ணோ!

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் காலையில் கிளினிக் கம்ப்யூட்டரைத் திறந்ததும் திரை முழுக்கச் சிவப்பு. உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது, உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள் என்று எழுத்து வேறு, ஓயாத 'கீங் கீங்' சத்தம் வேறு. டாக்டரம்மா பதறிப் போனார். வருகிறவர்கள் பெயர், வியாதி, எக்ஸ்ரே எல்லாம் அதற்குள்தானே இருக்கிறது. உடனே சர்வீஸ்காரரை வரவழைத்தார். நரைத்த தலை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி, வாயில் எப்போதும் ஒரு சலிப்பு.

"இது சும்மா பயமுறுத்தற பக்கம்மா. அந்த நம்பருக்குப் பேசினாத்தான் வம்பு. ஆனா இந்தப் பிரவுசரை யாரு இப்படி வச்சிருக்கறது? அப்டேட்டையே நிறுத்தி வச்சிருக்காங்க. வீட்டுக்குக் கதவு இருக்கு, தாழ்ப்பாள் இல்லங்கற கதையா இருக்கு. இதைப் பாருங்க, தள்ளுபடி காட்டறேன்னு ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கு. இது வானிலை சொல்றேன்னு வந்தது. நீங்க எந்தப் பக்கம் போனாலும் கூடவே வந்து எட்டிப் பாக்கும்."

"அப்ப என்னங்க பண்றது?"

"இதைத் தூக்கிட்டு வேற பிரவுசர் போட்டுத் தரேன். வேவு பாக்கறதுங்களை வாசல்லயே நிறுத்திடும். தானா அப்டேட் ஆகும். மூடினா, பாத்ததெல்லாம் அழிஞ்சு போற மாதிரியும் வச்சுடறேன்." பேசிக்கொண்டே எதையோ தட்டியவர் நின்றார். கண்ணாடியை எடுத்து மாட்டினார். "இது உங்க சொந்தக் கணக்கா? பொது மெஷின்ல எதுக்கும்மா இதைப் போட்டீங்க?"

"எங்க வீட்டுக்காரர் போட்டுக் குடுத்தது."

"மூணு இடத்துல திறந்திருக்கே. இந்த மெஷின், உங்க போன், அப்புறம் இது." மூன்றாவது மெஷினின் பெயரைப் படித்தார். அவள் வீட்டுக்காரர் புக்கிங் பார்க்கிற லாரி ஆபீசின் பெயர் அது. "இங்க நீங்க எதைத் தேடினாலும் அங்க வரிசையா வந்து நிக்கும். இன்னிக்குக் காலையிலகூடத் திறந்து பாத்திருக்காங்க. யாரும்மா? தெரிஞ்ச ஆளா?"

"தெரிஞ்ச ஆளுன்னுதான் நினைச்சிட்டிருந்தேன்" என்றாள்.

வெந்நீர்ப் பை வந்த அன்று மத்தியானம், இடுப்பு வலிக்கு என்ன செய்யலாம் என்று இந்த மேஜையில்தான் தேடினாள். செருப்பையும் இதில்தான் பார்த்தாள். பஸ் நேரம் பார்த்ததும் இதிலேதான். ஆனாலும் பாருங்கள், ஆசை லேசில் விடுமா? தற்செயலாக இருக்கலாமே, மனுஷன் இதைத் திறந்து வைத்துவிட்டு மறந்துகூடப் போயிருக்கலாமே என்று மனசு அவருக்காக வக்கீல் வேலை பார்த்தது.

"ரெண்டு நாள் இதை இப்படியே விடுங்க. நாளைக்கழிச்சு வந்து மாத்திடுங்க" என்று சர்வீஸ்காரரிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள். அவர் போனதும் பழைய பிரவுசரில் மீன் தொட்டி என்று தேடினாள். வீட்டில் வைக்கிற மீன் தொட்டி, சின்னது, ஆரஞ்சு நிற மீன். ஒன்றன்பின் ஒன்றாகப் பத்துப் பதினைந்து பக்கங்களைத் திறந்து திறந்து மூடினாள்.

ஏன் மீன்? அவளுக்கு மீன் தொட்டியைக் கண்டாலே ஆகாது. கண்ணாடிக்குப் பின்னால் மீன் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தால் தனக்கே மூச்சு முட்டும் என்று, கல்யாணமான புதிதில் ஒரு ஓட்டலில் இடம் மாறி உட்காரச் சொல்லி அவரிடம் சொல்லியிருக்கிறாள். அவரும் சிரித்துக்கொண்டே மாறி உட்கார்ந்தார். கூட வாழ்கிறவருக்கு இது தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

மறுநாள் சாயங்காலம் வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மடியில் தொட்டியை வைத்துக்கொண்டு, சட்டையெல்லாம் நனைந்து, பிளாஸ்டிக் பையில் இரண்டு ஆரஞ்சு மீன்களோடு அவர் இறங்கினார். முகமெல்லாம் பூரிப்பு.

"பொண்ணும் ஊர்ல இல்ல, வீடு வெறிச்சுனு இருக்கு, ரெண்டு மீனாவது இருந்தா நல்லாருக்கும்னு நினைச்சே. இல்லேன்னு சொல்லு பாப்போம்!"

"எப்படிங்க தெரிஞ்சுது?"

"முகத்தைப் பாத்தா தெரியாதா?"

கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார், பாவி. ஒரு தடுமாற்றம் இல்லை. அவளுக்கு அங்கேயே உட்கார்ந்து கதற வேண்டும் போல இருந்தது. தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார், கொண்டுவந்து ஊற்றினாள். விஷயம் அக்கா காதுக்கு அவர் வாயாலேயே போயிற்று. "மீன் வரைக்குமா! ஏண்டி, நீ எங்க போய்த்தான் வரம் வாங்கிட்டு வந்தே?" என்று அக்கா மூக்கைச் சிந்தினாள். அவளிடம் என்ன சொல்வது? இத்தனை வருஷம் கொட்டி முழக்கியதைத் திருப்பி வாங்கவா முடியும்? "ஆமாக்கா" என்றாள்.

மறுநாள் சர்வீஸ்காரர் வந்து பழைய பிரவுசரை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டார். போனிலும் அதையே போடச் சொன்னாள். கல்யாணத் தேதி போய் வேறு பாஸ்வேர்டு வந்தது. "வெளியாளு எவனும் இனிமே எட்டிப் பாக்க முடியாது" என்றார் அவர்.

"வீட்டாளு?"

அவர் அவளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "பூட்டுக்கு வெளியாளு, வீட்டாளு எல்லாம் ஒண்ணுதாம்மா. இந்தாங்க, எல்லா இடத்துலேர்ந்தும் வெளியேத்தற பட்டன். நீங்களே அமுக்குங்க."

அமுக்கினாள்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு கூத்து. லாரி ஆபீசில் எதுவும் வராமல் நின்றுவிட்டது. கேட்டால் மாட்டிக்கொள்வார், கேட்காமல் இருந்தால் மண்டை வெடித்துவிடும்.

"கிளினிக் கம்ப்யூட்டர் எல்லாம் நல்லா ஓடுதா?"

"ஓடுது."

"எதாவது மாத்தினாங்களோ?"

"அதெல்லாம் எனக்கு என்னங்க தெரியும்?"

பிறகு குருட்டாம்போக்கில் ஊகிக்க ஆரம்பித்தார். அவளுக்கு ஜலதோஷம் பிடித்த வாரத்தில் இடுப்பு வலிக்குத் தைலம் வாங்கி வந்தார். பெண்ணோடு போனில் சண்டை போட்டுவிட்டு அவள் அழுத கண்ணோடு பரிமாறிய அன்று, உப்பு கம்மி என்றார். மீன்கள் மட்டும் இரண்டு பேரையும் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடின.

வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவள் காத்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரே ஒரு தடவை, கம்ப்யூட்டர் இல்லாமல், போன் இல்லாமல், தானாக அவர் ஏதாவது தெரிந்துகொள்ளட்டும். அது போதும், எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம் என்று அந்த மடச்சி வேண்டிக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து ஊர்க் கிளினிக்கை நடத்திய பெண் வேலையை விட்டாள். டாக்டரம்மா தயங்கித் தயங்கி மறுபடியும் இவளைக் கேட்டார். "இந்தத் தடவையும் வீட்ல கேட்டுட்டுச் சொல்றியாம்மா?"

"கேட்க வேண்டாம் டாக்டர். போறேன்" என்று அவள் வாய் சொல்லிவிட்டது. அந்த ஊர்க் கிளினிக் சாவியை டாக்டரம்மா அவள் கையில் கொடுத்தார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு வீடு வரும் வரைக்கும் அழுதாள். சந்தோஷமா துக்கமா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

சாப்பாட்டு மேஜையில் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். கண் சிவந்து, மூக்கு வீங்கி இருந்தது. கிளினிக் இரும்பு நாற்காலியில் இப்படி ஒருவர் வந்து உட்கார்ந்தால், எழுந்து போய்த் தண்ணீர் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவர், "என்னமோ மாதிரி இருக்கியே, என்ன ஆச்சு?" என்றார்.

"நீங்களே சொல்லுங்க."

"நான் எப்படிச் சொல்றது?"

"முகத்தைப் பாத்தாலே தெரியும்பீங்களே. பாருங்க."

விளக்கு நன்றாக எரிந்தது. அவள் முகத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தாள். இப்போதும் தோற்கத் தயாராக இருந்தாள், அதுதான் கொடுமை. ஏதோ ஒரு முடிவு எடுத்துவிட்டு அழுதிருக்கிறாய் என்ற அளவுக்கு, கிட்டத்தட்டவாவது அவர் சொல்லிவிட்டால் காலையில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

அவர் பார்த்தார். நெற்றியைப் பார்த்தார், காதுத் தோட்டைப் பார்த்தார். "தலைவலியா?" என்றார். "உங்க அக்கா எதாவது சொன்னாளா?" என்றார். அதற்கு மேல் பார்க்க அவருக்கு அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. கண் மெல்ல நழுவி, தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் கிடந்த அவள் போனுக்குப் போயிற்று.

"அதை இப்படிக் குடேன். சார்ஜ் இருக்கான்னு பாக்கறேன்."

எடுத்துக் கொடுத்தாள். அவர் கேட்காமலே பூட்டைத் திறந்தார், அது அவருக்கு மனப்பாடம். புதிய பிரவுசரைத் தட்டினார். வெள்ளையாக ஒரு பக்கம் வந்து நின்றது. மேலே தள்ளினார், கீழே தள்ளினார்.

"இதுல ஒண்ணுமே இல்லையே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

"எல்லாம் முகத்துலதாங்க இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, அவள் எழுந்து துணிப்பெட்டியை இறக்கப் போனாள்.