சிவப்பு என்றால் பச்சை

தாதர் நிலையத்தில் நான் இறங்கியபோது பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. 1989, மே மாதத்தின் கடைசி வாரம். மதராஸிலிருந்து ஒரு பகலும் ஒரு இரவும் எதிர் இருக்கையில் வந்த, முலுண்டில் குடியிருக்கும் மாமிக்கு, நான் மடியைவிட்டு இறக்காத அட்டைக் குழாயின் மேலேயே கண்.

"உள்ளே என்னடி, மாப்பிள்ளை போட்டோவா?"

"பம்பாயோட போட்டோ மாமி. வானத்துலேர்ந்து செயற்கைக்கோள் எடுத்தது."

"எங்க முலுண்ட் தெரியுமோ?"

"முலுண்ட் தெரியும். உங்க ஃபிளாட் தெரியாது."

மாமிக்கு உடனே ஆர்வம் போய்விட்டது. அவர் லோக்கல் ரயிலைப் பிடிக்கப் போனார். நான் மாட்டுங்காவுக்கு டாக்சி பிடித்தேன். ஏழு ரூபாய்.

குழாயில் என்ன இருந்தது என்று வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். செழித்த இலை, நம் கண்ணுக்குத் தெரியாத ஒருவகைக் கதிரை நிறையத் திருப்பி அனுப்பும். படத்தில் அந்தக் கதிருக்குச் சிவப்பு நிறம் கொடுப்பது வழக்கம். ஆகவே இந்தப் படங்களில் நல்ல மரக்கூட்டம் ரத்தச் சிவப்பாக இருக்கும். வாடியது வெளிறிய ரோஜா நிறம். செத்த மரமும் சிமெண்டுக் கட்டடமும் சாம்பல் நீலம். தனி மரம் தெரியாது, தோப்பு தெரியும். படத்தை மட்டும் நம்பாமல் நேரில் போய்ப் பார்த்துச் சரி சொல்வது என் உத்தியோகம்.

செம்பூர்ப் பக்கம் ஆலைகளைச் சுற்றி ஒரே வெளிறல். கவலைப்பட வேண்டிய இடம் அதுதான் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். தாராவியின் விளிம்பில், மாஹிம் கழிமுகத்தின் கரையில், நகத்துண்டு அளவுக்கு அடர்சிவப்பாக ஒரு கீற்று இருந்தது. அலையாத்தி மரங்கள். கடல் ஏறும்போது தண்ணீர் சந்துகளுக்குள் வராமல் தடுப்பவை. அந்தக் கீற்றைப் பார்த்தாலே எனக்கு மனசு நிறையும். போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, காப்பாற்ற வேண்டிய இடம் என்று எழுதிவிட்டு வந்தால் போதும் என்றிருந்தேன்.

கிங்ஸ் சர்க்கிள் அருகே கணேசன் மாமா வீடு. அப்பாவின் சிநேகிதர். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தாராவியில் ஒரு மாலைப் பள்ளிக்கு உதவி செய்துவருகிறார். அங்கே எனக்கு வழிகாட்ட ஆள் பிடித்துத் தரச் சம்மதித்திருந்ததால், எங்கள் அலுவலகம், மரங்களின் நலம் காட்டும் படம் என்று எழுதி, அதன் பிரதி ஒன்றை அவருக்கு முன்னதாகவே தபாலில் அனுப்பியிருந்தது. நிறங்களை விளக்கும் தாள் அதோடு போகவே இல்லை என்பது அன்று காலை அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"காபியைக் குடி. உன் வேலையில பாதியை நானே முடிச்சு வெச்சுட்டேன்" என்றார் மாமா. முகத்தில் அப்படி ஒரு பெருமை. நானும் அசட்டுத்தனமாகச் சிரித்து வைத்தேன்.

ஒன்பது மணிக்கு இருவரும் கிளம்பினோம். இரண்டு மைல்கூட இருக்காது. வண்டி உள்ளே நுழையாது என்று டாக்சிக்காரர் ஹிந்தியில் கறாராகச் சொல்லிவிட, இறங்கி நடந்தோம். சந்தின் கடைசி வீடு, மாமா எனக்காகப் பிடித்து வைத்திருந்த மைதீன் பாயுடையது. மேலப்பாளையத்துக்காரர். முன்னறையில் தோல்பை தைக்கும் பட்டறை, பரணில் குடும்பம். வீட்டுக்குப் பின்னால் கழிமுகம். நடந்து வரும்போதே ஒன்றைக் கவனித்தேன். வாசலுக்கு வாசல் விறகு அடுக்கியிருந்தது. அதில் இலைகள் இன்னும் வாடவில்லை.

"வாங்கம்மா. சாயா சொல்லுதேன்" என்றார் பாய். "நீங்க வாறதுக்குள்ள முடிக்கணும்னு பயலுவ ராப்பகலா நின்னானுவ. எல்லாம் வெட்டி சாஃப் பண்ணியாச்சு."

"எதை?"

"அந்தச் செகப்பு மரத்தத்தான். நோய் புடிச்சதுல்லா? மாமா படத்தக் காட்டிச் சொன்னாவ, இந்த இடந்தான் ரொம்ப டேஞ்சர்னு."

பட்டறையைத் தாண்டிப் பின்வாசலுக்கு ஓடினேன். கண்ணுக்கெட்டிய மட்டும் சேறும் வெட்டிய அடிமரங்களும். அதற்கு அப்பால் மறைப்பே இல்லாமல் தண்ணீர். வாய்விட்டுக் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று இப்போதும் நினைவில்லை.

"முப்பது வருஷம் சிக்னல்ல இருந்தவன் நான்" என்றார் மாமா, பின்னாலேயே வந்து. "சிவப்புன்னா ஆபத்துதானேம்மா?"

"மாமா, இந்தப் படத்துல சிவப்புன்னாதான் பச்சை."

அவருக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது அங்கேயே ஒரு தோல் மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். கோபத்தில் நான் அவரைத் திட்டியிருப்பேன், அந்த முகத்தைப் பார்த்தபின் முடியவில்லை. பாய்க்குத்தான் விளக்கிச் சொன்னேன். அவை நோயில்லாத மரங்கள், இந்தச் சந்துக்கு இருந்த ஒரே மதில் அவைதான் என்று. அவர் பாதி கேட்டதுமே சேற்றில் இறங்கி ஓடினார். கோடியில் இரண்டு பேர் இன்னும் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏ, பந்த் கரோ! அருவாளக் கீழ போடுங்கலே!"

பத்துப் பதினைந்து மரம் மிஞ்சியது.

பிற்பகலில் கடல் ஏறியது. ஓசையில்லாமல், அடிமரங்களுக்கு நடுவே புகுந்து, பின்வாசல் படியைத் தொட்டு நின்றது. அந்தப் படிவரை தண்ணீர் வந்ததே இல்லையாம். பாயின் மனைவி தோல் கட்டுகளைப் பரணுக்கு ஏற்றினார்.

"இது திரும்ப வளர எத்தன நாளாவும்?" என்று கேட்டார் பாய்.

"பத்து வருஷம்."

"மழ அடுத்த வாரம் வந்துரும்மா."

செம்பூர் வேலையை அரைகுறையாக முடித்துக்கொண்டு, ஊர் திரும்பும் நாளில் மறுபடி அங்கே போனேன். மிஞ்சிய மரங்களின் அருகே ஒரு பலகை நட்டிருந்தார்கள். வெட்டக்கூடாது என்று ஹிந்தியில் எழுதியிருந்தது. தமிழில் எழுதினால் இங்கேயே வளர்ந்த பயல்களுக்குப் படிக்க வராதாம். மாமா காலையிலிருந்தே வந்து, மணல் மூட்டைக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பிள்ளைகளோடு மனைவியை மாஹிமில் மச்சான் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மெஷின்களோடு தான் மட்டும் இங்கேயே இருக்கப்போவதாகப் பாய் சொன்னார்.

விடைபெறும்போது கேட்டார்: "மேல இருந்து பாக்கயில எங்க வீடெல்லாம் என்ன நெறம்மா?"

"சாம்பல் நீலம், பாய்."

"தண்ணி ஏறி நின்னா?"

"கறுப்பு."

பாய் ஒரு மணல் மூட்டையைப் படியில் இழுத்துப் போட்டார்.

"கறுப்பாத் தெரிஞ்சா எங்களுக்குச் சொல்லி அனுப்பாண்டாம்மா. அது எங்களுக்கே தெரிஞ்சிரும்."