புத்தகத்தை மூடியவள்

மார்கழியில் கல்யாணம் கிடையாது. அந்த ஒரு மாதம் குற்றாலத்தில் கல்யாண மண்டபங்கள் சும்மா கிடக்கும். அதனால்தான் எங்கள் பள்ளித் தாளாளர் ஐந்தருவி போகிற சாலையில் ஒரு மண்டபத்தைப் பேசி முடித்து, பிளஸ் டூ பிள்ளைகள் தொண்ணூறு பேரை அரையாண்டு விடுமுறையில் அங்கே கொண்டுபோய் உட்காரவைத்தார். அதற்கு 'ஸ்டடி கேம்ப்' என்று பெயர். காலை ஏழு மணிக்குத் தென்காசியிலிருந்து பஸ் கிளம்பும். சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பும். நடுவில் சாப்பாட்டு நேரம் போக மற்ற நேரமெல்லாம் பிள்ளைகளின் வாய் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். அசைகிறதா என்று பார்க்கிற வேலை என்னுடையது.

நான் வாத்தியார் இல்லை. இருபத்திரண்டு வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஹவில்தாராக வெளியே வந்தவன். ஆய்க்குடிப் பக்கம் எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் பட்டாளம், மீதிப் பேர் போலீஸ். ஓய்வு பெற்று வருகிறவனைத் தனியார் பள்ளிகள் தேடி வந்து கூப்பிடுவார்கள். எங்கள் படிப்புக்காக இல்லை, மீசைக்காகவும் தொண்டைக்காகவும்தான். பிள்ளைகள் என்னை 'மிலிட்டரி சார்' என்பார்கள். அப்போது அந்தப் பெயரில் எனக்குப் பெருமை. இப்போது யாராவது அப்படிக் கூப்பிட்டால் பற்றிக்கொண்டு வருகிறது.

கேம்பில் சட்டங்கள் மூன்று. புத்தகம் திறந்திருக்க வேண்டும். வாய் அசைய வேண்டும். தூங்கக் கூடாது. மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்து, கைக்கு எட்டாத தூரத்தில் ஒவ்வொரு பிள்ளையாக உட்காரவைத்திருந்தோம். மணமேடையில் எனக்கு ஒரு நாற்காலி. யாரோ ஒரு ஜோடியின் முதலெழுத்துகளைத் தெர்மாக்கோலில் வெட்டி ஒட்டியிருந்தார்கள், அதைக் கழற்றக்கூட இல்லை. அதன் கீழே நான் பிரம்போடு உட்கார்ந்திருப்பேன். வெளியே அருவிக்குப் போகிற ஐயப்ப சாமிகள் சரணம் சொல்லிப் போவார்கள். உள்ளே தொண்ணூறு வாய் ஒரே நேரத்தில் இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் முணுமுணுக்கும். ஆகா, என்ன படிப்பு என்று நான் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண். மேலகரத்துக்காரி, அம்மா பீடி சுற்றுகிறவள், அப்பா இல்லை. நர்சிங் படிக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு ஆசை. அதற்கு உயிரியலில் நல்ல மார்க் வேண்டும். இவள் பத்து நிமிடம் வாசிப்பாள், பிறகு புத்தகத்தை மூடிவிடுவாள். மூடிவிட்டு மேலே சுற்றாமல் நிற்கிற மின்விசிறியைப் பார்ப்பாள். பிறகு பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் என்னத்தையோ கிறுக்குவாள். அப்புறம் புத்தகத்தைத் திறந்து பார்த்து, கிறுக்கியதில் வட்டம் போடுவாள். மதியம் சாப்பிட்டதும் தூணில் சாய்ந்து பதினைந்து நிமிடம் தூங்கிவிடுவாள்.

முதல் நாள் அதட்டினேன். இரண்டாம் நாள் எழுந்து நின்று படிக்கச் சொன்னேன். அவள் நின்றுகொண்டே புத்தகத்தை மூடினாள். எனக்கு ரத்தம் கொதித்தது. "மகாராணிக்குப் புத்தகம் தேவையில்லையோ" என்று எல்லாரும் கேட்கிற மாதிரி சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். எட்டாம் நாள் அந்தத் தாள்களைப் பிடுங்கி என் பைக்குள் திணித்தேன். அவள் தூங்கினால் தூணில் பிரம்பால் ஓங்கி அடிப்பேன், திடுக்கிட்டு எழுந்திருப்பாள். அடங்காத பிள்ளைகளின் பெயரை எழுத என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. பத்து நாளில் அவள் பெயர் அதில் பதினோரு தடவை ஏறியது.

தாளாளர் அந்த நோட்டைப் பார்த்தார். பள்ளியின் நூறு சதவீதத் தேர்ச்சிக்கு ஆபத்து என்று அவருக்குப் பட்டுவிட்டது. அம்மாவை வரச் சொன்னார். அந்த அம்மா பீடி இலை வாசனையோடு, சேலைத் தலைப்பால் தோளை மூடிக்கொண்டு வந்து, நாற்காலி இருந்தும் உட்காராமல் நின்றார். அவரையும் பெண்ணையும் முன்னால் நிறுத்தித் தாளாளர் என்னைக் கேட்டார். "படிக்கதில்ல சார். புஸ்தகத்தை மூடி வச்சிக்கிட்டு மோட்டுவளையைப் பாத்துக்கிட்டு இருக்கா" என்று நான் சொன்னேன். ஒரு தடவைகூட எனக்கு நாக்கு குழறவில்லை.

வீட்டிலும் அவள் அப்படித்தான் செய்கிறாள், தனக்குப் படிப்பு தெரியாது, நாங்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று அந்த அம்மா சொன்னார். அதுவரை பேசாமல் நின்ற பெண் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"எங்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க சார். எந்தப் பாடத்துல இருந்து வேணும்னாலும் கேளுங்க."

நாங்கள் இரண்டு பேர் இருந்தோம். மேசையில் புத்தகம் இருந்தது. கேட்க ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? கேட்கவில்லை. தாளாளர் அம்மாவைப் பார்த்து, எப்படி எதிர்த்துப் பேசுகிறாள் பாருங்கள் என்றார். நானும் தலையாட்டினேன். இனி கேம்புக்கு வர வேண்டாம், திருப்புதல் வகுப்புக்கும் வர வேண்டாம், செய்முறைத் தேர்வுக்கும் ஹால் டிக்கெட் வாங்கவும் வந்தால் போதும் என்று தாளாளர் சொல்லி அனுப்பினார். ஒரு கேள்வி கேட்கத் துப்பில்லாதவர்கள் ஒரு பிள்ளையின் வருடத்தையே பறித்துக்கொண்டோம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கை எடுக்கப் பைக்குள் கையை விட்டபோது அந்த நாட்காட்டித் தாள்கள் வந்தன. குப்பையில் போடுவதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். மலேரியாக் கிருமியின் வாழ்க்கைச் சுழற்சியை வட்டமாக வரைந்திருந்தாள். கொசுவுக்குள் நடப்பது ஒரு பக்கம், மனிதனுக்குள் நடப்பது ஒரு பக்கம். மூலையில் பேனாவால் தேதி. விட்டுப்போன நான்கு இடங்களைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தாள். அடுத்த தாளில் அதே படம், மறுநாள் தேதி, இரண்டு வட்டங்கள். இன்னொரு தாளில் நான்கு நாள் கழித்து அதே படம். அதில் சிவப்பே இல்லை.

 இதை நான் வேறு இடத்தில் பார்த்திருக்கிறேன். பயிற்சிக் காலத்தில் எங்கள் உஸ்தாத், அதாவது ஆயுதப் பயிற்சி தருகிறவர், ரைஃபிளைப் பிரித்து ஒவ்வொரு பாகமாக ஒரு தடவைதான் காட்டுவார். அடுத்து கண்ணைக் கட்டிவிடுவார். கோர்த்துப் பார் என்பார். கை தடவும், தடுமாறும், ஸ்பிரிங் தெறித்து எங்கோ ஓடும். கட்டை அவிழ்த்து, எங்கே தடுமாறினாய் என்று பார்க்கச் சொல்லி, மறுபடி கட்டுவார். நன்றாக வந்துவிட்டது என்று நாங்கள் மிதப்பாக இருக்கும்போது விட்டுவிடுவார். நான்கு நாள் கழித்து, பாதி மறந்திருக்கும் என்று தெரிந்தே, சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிறவனைக் கூப்பிட்டுக் கண்ணைக் கட்டுவார். மறந்ததைத் தட்டுத் தடுமாறி இழுத்து எடுக்கிறோமே, அந்தத் தடுமாற்றத்தில்தான் அது மண்டையில் போய் உட்காரும். இருபத்தைந்து வருடம் கழித்து இன்றைக்கும் என் கை மறக்கவில்லை. மத்தியானம் அரை மணி நேரம் கட்டாயம் படுக்கச் சொல்வார்கள், படுத்து எழுந்தால் காலையில் வராதது வரும். இந்தியைக்கூட நான் புத்தகத்தில் படிக்கவில்லை. தப்பாகப் பேசி, திட்டு வாங்கி, மறுபடி பேசித்தான் வந்தது.

இவ்வளவும் என் உடம்பில் இருக்கிறது. இருந்தும், அதையே யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானாகக் கண்டுபிடித்துச் செய்த ஒரு பிள்ளையை நான் பிரம்பால் விரட்டியிருக்கிறேன். முட்டாள்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?

தூக்கை அப்படியே வைத்துவிட்டு மண்டபத்துக்குள் போனேன். முதல் வரிசையில் முதல் ரேங்க் பையன். காலையிலிருந்து அவன் வாய் நின்றதே இல்லை. புத்தகப் பக்கத்தை இரண்டு பேனாவால் மஞ்சளும் பச்சையுமாகத் தீட்டி வைத்திருந்தான். அவன் அப்போது படித்துக்கொண்டிருந்த பக்கத்தில் விரலை வைத்துப் புத்தகத்தை மூடினேன். இப்போது என்ன படித்தாய், சொல் என்றேன். முதல் வரியைச் சொன்னான். இரண்டாவது வரியில் நின்றான். பிறகு முதல் வரியை மறுபடி சொன்னான்.

"புக்கைப் பாத்தா தெரியும் சார்" என்றான்.

அடுத்தவளிடம் போனேன். அதற்கடுத்தவன். வரிசையாக முப்பது பேரின் புத்தகத்தை மூடிக் கேட்டேன். நாலைந்து பேர் ஏதோ சொன்னார்கள். மற்ற எல்லாருக்கும் பார்த்தால் தெரியும். பார்த்தால் எனக்கும்தான் தெரியும்! பரீட்சை ஹாலில் யார் புத்தகத்தைக் காட்டப் போகிறார்கள்? பத்து நாளாகத் தொண்ணூறு பிள்ளைகள் பழகிய முகத்தைப் பார்க்கிற மாதிரி ஒரே பக்கத்தைப் பார்த்துப் பார்த்து, தெரிந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த நம்பிக்கையைக் காவல் காத்தது நான். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சொன்னதைச் செய்தார்கள், அவ்வளவுதான்.

தாளாளரிடம் தாள்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிடுங்கள், மற்றப் பிள்ளைகளுக்கும் இப்படியே சொல்லிக்கொடுப்போம் என்றேன். தப்பு என்னுடையது, நோட்டைக் கிழித்துவிடுகிறேன் என்றும் சொன்னேன். அவர் தாள்களை வாங்கக்கூட இல்லை. பொறுமையாக எனக்குப் புத்தி சொன்னார்.

"ஹவில்தாரே, பேரன்ட்ஸ் நெதம் பதினோரு மணிக்கு வந்து சன்னல் வழியாப் பாக்காங்க. புஸ்தகம் மூடிக் கிடந்தா என்ன நெனப்பாங்க? படிக்கது அவங்க கண்ணுக்குத் தெரியணும்லா."

இதில் கொடுமை என்னவென்றால், அவர் சொன்னது உண்மை. நானே பார்த்திருக்கிறேன். ஆலங்குளத்திலிருந்தெல்லாம் பைக்கில் வந்து சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தன் பிள்ளையின் வாய் அசைகிறதா என்று பார்த்துவிட்டு, நிம்மதியாகப் போய் அருவியில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். யோசிக்கிற பிள்ளையின் முகம் சும்மா இருக்கிற பிள்ளையின் முகம் மாதிரிதான் இருக்கும். அதைப் பார்க்க யாருக்கும் சகிக்காது. பிள்ளையின் தலைக்குள் ஏதாவது ஏறியதா என்று ஒருவரும் கேட்டதில்லை. அன்றைக்கே பிரம்பை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். போகும்போது சத்தமும் போட்டேன். என்ன போட்டு என்ன, மறுநாள் மணமேடையில் வேறொருவர் உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாள்களை எடுத்துக்கொண்டு மேலகரம் போனேன். பள்ளி கூப்பிடாவிட்டால் போகட்டும், இவள் வீட்டிலேயே தன் வழியில் படித்தால் போதும், இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதும் இருந்தது. தெருமுனையிலேயே அவள் குரல் கேட்டது. சத்தமாக, மூச்சு விடாமல் வாசித்துக்கொண்டிருந்தாள். ஒரே பத்தி, திரும்பத் திரும்ப.

அம்மா வாசலில் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பதறி எழுந்து, நாற்காலி எடுத்துப் போட்டார். அவர் முகத்தில் கோபம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, நன்றி இருந்தது.

"நீங்க சொன்னது நல்லதாப் போச்சு சார். அன்னைக்கே வீட்ல கெடந்த அந்தத் தாளெல்லாம் அடுப்புல போட்டுட்டேன். இப்ப புஸ்தகத்தை மூடவே விடுததில்ல. இங்கன இருந்தே காது குடுத்துக்கிட்டு இருப்பேன், சத்தம் நின்னா ஏசுவேன்."

 கையில் இருந்த தாள்களை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். என் வேலையை நான் விட்டுவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அதை இந்த அம்மா எடுத்துச் செய்துகொண்டிருந்தார், சம்பளம் இல்லாமல், பாசத்தோடு. அவரை என்னவென்று திட்டுவது? என் வார்த்தையைத்தானே அவர் நம்பினார்.

உள்ளே குரல் நின்றது. அந்தப் பெண் என்னைப் பார்த்துவிட்டாள். சட்டென்று எழுந்து, புத்தகத்தை விரித்தபடியே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. நான் அவளிடம் போய், என்னால் முடிந்த அளவு குரலைத் தாழ்த்தி, "நீ செஞ்சதுதாம்மா சரி. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன். நீ மூடி வச்சே படி" என்றேன்.

அவள் அம்மாவைப் பார்த்தாள், பிறகு பிரம்பு இருக்கிறதா என்று என் கையைப் பார்த்தாள். நான் மறுபடி குத்திக் காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டாள்.

"இல்ல சார்" என்றாள். "இனிமே மூட மாட்டேன் சார்."