மைனரின் உண்ணிகள்

‘பூச்சி சேகரிப்பாளர் (தற்காலிகம்), ஒரு பணியிடம். வயது முப்பதுக்கு மிகாமல் இருக்க வேண்டும். விலங்கியலில் பட்டம் பெற்றிருக்க வேண்டும். நாய்களைக் கையாண்ட அனுபவமும் பூச்சிகளிடம் அச்சமின்மையும் அவசியம்.’

பெரியநாயகிக்கு வயது நாற்பத்தெட்டு. படிப்பு ஒன்பதாவது. நாயைக் கண்டால் சைக்கிளைப் போட்டுவிட்டுச் சுவரேறுவாள். சுவரில் உண்ணியைக் கண்டால் நாய் இருக்கும் பக்கமே குதிப்பாள். விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாகப் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள்.

வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. தகுதியுள்ள ஒரே விண்ணப்பதாரர் முதல் நாளே ஒரு நாயின் பல்வரிசையைப் பார்த்துவிட்டு, திட்டக்குடி பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.

அவள் விண்ணப்பித்ததற்குக் காரணம் மைனர். பட்டறைத் தெருவில் மூன்று பேருக்குக் காய்ச்சலும் உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளிகளும் வந்தன. உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம் என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார், மூவரும் தேறிவிட்டார்கள். உண்ணி கடிக்கையில் அதற்குள் இருக்கும் பாக்டீரியா மனிதனுக்குள் புகுந்துகொள்ளுமாம். எந்த நாயின் உண்ணியில் அது குடியிருக்கிறது என்று கண்டுபிடிக்க, சென்னையிலிருந்து ஆய்வக இளைஞன் பிரவீன்குமார் வந்து இறங்கினான். அந்த விளம்பரமும் அவனுடைய ஆய்வகம் கொடுத்ததுதான். தெருவுக்கு ஆய்வே தேவைப்படவில்லை. சூளையோரம் படுத்துக் கிடக்கும் செவலை நாய் மைனர்தான் குற்றவாளி என்று தெரு ஏற்கெனவே முடிவு செய்திருந்தது. உலகத்திலேயே பெரியநாயகி பயப்படாத ஒரே நாய் அது. அதுவும் மற்ற நாய்களுக்குப் பயப்படும் என்பதால் இருவருக்கும் ஒத்துப்போனது.

“ரிசல்ட்டு வரட்டும்மா. மைனர வண்டில ஏத்திக் கம்மாபுரம் சுரங்கத்துப் பக்கம் வுட்டுட்டு வந்துடுவோம்” என்றார் தெருச் சங்கத் தலைவர் மாணிக்கவேல். அவர் வீட்டில் பிரின்ஸ் என்றொரு லேப்ரடார் உண்டு. அதற்கு ஷாம்பூ உண்டு.

“மைனருகிட்ட ஒண்ணுமில்லன்னு வந்துதுன்னா?”

“வந்தாலும் வுட்டுடுவோம். வண்டிக்குச் சொல்லியாச்சில்ல?”

“அதுகிட்ட இல்ல, வேற நாயிகிட்ட இருக்குதுன்னு வந்துதுன்னா?”

மாணிக்கவேல் சிரித்தார். “அப்ப அந்த நாய வண்டில ஏத்துவோம். போதுமா?”

போதும் என்று பெரியநாயகி மறுநாளே இடுக்கியோடு கிளம்பினாள்.

உண்ணியைத் தலை அறுந்துபோகாமல் முழுசாக எடுக்க வேண்டும். அதற்குக் கை நடுங்கக் கூடாது. ஒவ்வொரு உண்ணிக்கும் அவள் “ஐயோ, அம்மா, செத்தேன்!” என்று கூவினாள். ஆனால் வாய்தான் அலறியது. பொம்மைக்கு இமை எழுதிய விரல்கள் இம்மியும் அசையவில்லை. நாயின் முகத்தைத் துண்டால் மூடிப் பிடித்திருந்த சொந்தக்காரர்கள் காதைப் பொத்த வழியில்லாமல் தவித்தார்கள்.

எடுத்த உண்ணிகளை நாய்க்கு ஒரு குப்பியாக ஸ்பிரிட்டில் போட்டு, பிரவீன்குமார் வெளியே நம்பர் எழுதினான். அழியாத மை என்று பேனாவிலேயே அச்சடித்திருந்தது. பெரியநாயகி நம்பவில்லை. சூளைக்குள் போகிற பொருளில் பேனாவால் எழுதினால் என்ன ஆகும் என்று பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். அரிசியளவு பீங்கான் துண்டுகளில் நீலச் சாயத்தால் நம்பர் எழுதி, சுட்டு எடுத்து, குப்பிக்கு ஒன்றாக உள்ளே போட்டாள்.

“என்னம்மா இது? சாம்பிள்ல கண்டதையும் போடக் கூடாது. சுத்தமா இருக்க வேணாமா?”

“ஆயிரத்து எறநூறு டிகிரில வெந்தது தம்பி. ஒங்க குப்பி அவ்ளோ சூட்டப் பாத்திருக்குதா?”

குப்பி பார்த்ததில்லை. துண்டுகள் உள்ளேயே இருந்தன.

குப்பிகள் சென்னைக்குப் போன நான்காம் நாள் அங்கிருந்து போன் வந்தது. பிரவீன்குமார் குரல் அழுகிற மாதிரி இருந்தது. “அம்மா, வழியில ஸ்பிரிட் கசிஞ்சு மை மொத்தமும் கரைஞ்சு போச்சு. நாப்பத்தோரு குப்பியும் மொட்டையா நிக்குது.”

“உள்ள பாருங்க தம்பி.”

குப்பிகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கத்தல்: “நீலத்துல பதினேழு!”

“அது மைனரு. மொதல்ல அத அரைங்க.”

அரைத்தார்கள். உண்ணிகளின் மரபணுவைப் பிரித்து, கருவியில் பெருக்கிப் பார்த்தார்கள். பத்து நாளில் முடிவு வந்தது. பதினேழில் ஒன்றுமில்லை. பாக்டீரியா இருந்தது இருபத்து மூன்றில் மட்டும். பெரியநாயகி நம்பருக்கு நேரே நாயின் பேர் எழுதி வைத்திருந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தெருவில் செருப்பில்லாமல் ஓடினாள். எதிரே பிரின்ஸ் வாலாட்டிக்கொண்டு வர, அப்படியே சுவரேறி, மேலேயிருந்து அறிவித்தாள்: “அண்ணே! வண்டிக்குச் சொல்லியாச்சா?”

தெரு சிரித்த சிரிப்பில் மாணிக்கவேல் வீட்டு ஷாம்பூ வாசனைகூட அடங்கிவிட்டது. காய்ச்சல் பிரின்ஸால்தான் வந்தது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது, உண்ணி சுவர் விரிசலிலும் வாழும் என்று பிரவீன்குமார் போனில் எச்சரித்தான். அதை மாணிக்கவேல் மட்டும் மிகுந்த கவனத்துடன் கேட்டார். வண்டி எந்த நாய்க்கும் வரவில்லை. எல்லா நாய்க்கும் மருந்து போட்டு, விரிசல்களைப் பூசினார்கள். மைனர் சூளையோரமே படுத்திருக்கிறது.

பெரியநாயகி நாற்பத்தொரு நாய்களிடமிருந்து இருநூற்றாறு உண்ணிகளை எடுத்தாள். எது எந்த நாயுடையது என்று அழியாமல் எழுதி வைத்தாள்.