காய்ச்சலே வராத ஊர்

புதிதாக டேட்டா வேலைக்கு வரும் பிள்ளைகள், "மேடம், நாள் பூரா எக்செல் ஷீட்டப் பாத்து போர் அடிக்கலையா?" என்று கேட்பார்கள். போரா! அந்த ஐப்பசியில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாவட்டக் காய்ச்சல் கண்காணிப்புப் பிரிவில் நான் டேட்டா மேனேஜர். மழை தொடங்கியதும் எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வரைபடத்தில் காய்ச்சல் கோடு ஏறியது. எழுமலைக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு ஊருக்கு மட்டும் கோடு தரையோடு படுத்துவிட்டது.

எங்கள் டாக்டருக்கு ஏக சந்தோஷம். "சூப்பர்மா! அந்த ஊர் நர்ஸுக்கு ஒரு பாராட்டு லெட்டர் ரெடி பண்ணுங்க."

"சார், சுத்தியுள்ள ஊரெல்லாம் ஏறுது. கொசுவுக்கு எல்லைக்கல்லு தெரியுமா சார்?"

சிரித்துவிட்டார். "சரி, போய்ப் பாருங்க. ஒண்ணுமில்லைன்னா ஆபீஸுக்கே டீ உங்க செலவு."

கிளம்பும் முன் ஷீட்டில் இன்னொன்றைப் பார்த்தேன். அதே ஊரிலிருந்து பிரஷர் மாத்திரை வாங்க வருகிறவர்கள் வழக்கம்போல வந்திருந்தார்கள். ஆக, பஸ் ஓடுகிறது, நர்ஸும் இருக்கிறார். காய்ச்சல்காரர்களை மட்டும் காணோம்.

ஹெல்த் இன்ஸ்பெக்டர் அண்ணனோடு போனேன். ஊரெங்கும் சீரியல் பல்பு, ரேடியோ செட். முத்தாலம்மன் பொங்கலுக்கு விருந்தாளிகள் வருவார்களென்று வீட்டுக்கு வீடு டிரம்மில் தண்ணீர். அண்ணன் டார்ச் அடித்தார். "யாத்தே, எம்புட்டுக் கொசுப்புழு!"

மூன்றாவது வீட்டில் ஒரு சிறுமி சுருண்டு படுத்திருந்தாள். உடம்பு கொதித்தது.

"ஏம்மா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரல?" என்று அவள் அம்மாவிடம் கேட்டேன்.

"வந்தா ரத்தம் எடுத்துப் பெட்டுல போட்ருவாகக்கா. திருவிழாவுக்குச் சாமி சாட்டியாச்சுல்ல, பொங்கல் முடியிற வரைக்கும் வெளியூர்ல ராத்தங்கக் கூடாது. மாத்திரைன்னா வாங்கிட்டு அன்னைக்கே திரும்பிரலாம்."

கண்டுபிடித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு துள்ளல். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் அது பயமாக மாறியது. உடனே டாக்டருக்குப் போன் போட்டேன்.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை மனுஷன். "அவங்க வெளிய தங்கக் கூடாது, அவ்வளவுதானே? நாம உள்ள போய்த் தங்குவோம். ஸ்கூல் சாவிய வாங்கி வைங்க. வாரேன்."

மதியத்துக்குள் பள்ளிக்கூடத்தில் கேம்ப். ரேடியோ செட்டில் பாட்டை நிறுத்தி அறிவித்தார்கள். அம்மாடி, என்ன கூட்டம்! டிரம்களை இளவட்டங்களே கவிழ்த்துத் தேய்த்தார்கள். கூட்டத்தின் நடுவே அந்தச் சிறுமியின் ரத்த ரிசல்ட் வந்தது. டெங்கு, தட்டணுக்கள் மிகவும் குறைவு.

"இவள மட்டும் இங்க வச்சுப் பாக்க முடியாது, பெரியாஸ்பத்திரிக்குப் போயே ஆகணும்" என்றார் டாக்டர். தாய் அழுதபடி, கூட்டத்தில் நின்ற கோயில் பூசாரியைப் பார்த்தாள்.

பூசாரி ஆம்புலன்ஸ் கதவைத் தானே திறந்தார். "ஏறுத்தா. சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்."

பிழைத்துக்கொண்டாள். பொங்கலன்று முளைப்பாரி ஊர்வலத்தில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அதனால் பிள்ளைகளே, கோடு இறங்கினால் உடனே கை தட்டாதீர்கள். நோய் குறைந்ததா, வருகிற ஆள் குறைந்ததா என்று கேளுங்கள். அந்த வாரம் அந்த ஊரின் கோடு விறுவிறுவென்று மேலே ஏறியது. டாக்டர் தன் செலவில் டீ வாங்கிக் கொடுத்தார். ஏறின கோட்டைப் பார்த்து ஆபீஸே கை தட்டியது அன்றைக்குத்தான். அந்த உச்சியில் ஒரு புள்ளியாக அந்தச் சிறுமியும் இருந்தாள்.