ஹுகெத் லமோத்தின் ஒரே தப்பு

ஹுகெத் லமோத் முப்பத்தோரு படங்களுக்குக் கண்டின்யூட்டி பார்த்தவர். எந்த ஷாட்டில் எந்தப் பட்டன் திறந்திருந்தது, சிகரெட் எவ்வளவு எரிந்திருந்தது என்று குறித்து வைக்கிற வேலை. அதில் அவர் செய்த தப்பு ஒன்றே ஒன்று. பாழாய்ப்போன ஜனங்கள் அந்த ஒன்றைத்தான் ஞாபகம் வைத்திருந்தார்கள்.

மோந்த்ரேயில் எங்கள் திரைப்படச் சங்கம் ஞாயிறு மதியங்களில் பழைய படம் போடும். நடிகை எலியான் வோக்ளேரின் படம் என்றால் நாற்காலி போதாது. அதிலும் அந்த ரயில் நிலையப் படம்! வெளியே மழையில் நிற்கும்போது எலியானின் இடது கையில் மட்டும் கையுறை. கதவைத் திறந்து உள்ளே வந்தால் அது வலது கையில். உடனே கூட்டம் மொத்தமும் "கையுறை!" என்று கத்தும், காலால் தரையைத் தட்டும், விழுந்து விழுந்து சிரிக்கும். வருடா வருடம் இந்தக் கூத்து. நானும் கத்தியவள்தான், மறைப்பானேன்?

அப்புறம் ஹுகெத் எங்கள் கட்டிடத்துக்கே குடிவந்தார். மாடிப்படியில் பார்த்த முதல் வாரமே, "ரெமோந்த், செவ்வாய்க்கிழமை இந்தக் கோட்டுல மேல் பட்டன் இருந்துதே, எங்கடி தொலைச்சே?" என்றார். எனக்கே தெரியாது! இப்படிப்பட்ட கண்ணுக்கு ஒரு கையுறை எப்படித் தப்பும்? எதையும் குடைந்து பார்க்காவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். காபியும் ஆப்பிள் கேக்குமாகப் போய் உட்கார்ந்து கேட்டே விட்டேன்.

அவர் எழுந்துபோய் ஒரு பழைய நோட்டை எடுத்து வந்து போட்டார். வெளிக்காட்சிக்கு நேரே தெளிவாக எழுதியிருந்தது: கையுறை, இடது கை.

"சரியாத்தானே எழுதியிருக்கீங்க! பின்ன எப்படி மேடம் மாறிச்சு?"

"நான் பொய் சொன்னேன்."

கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்தேன்.

கதவுக்கு உள்ளே நடக்கும் காட்சியில் ஸ்டேஷன் மாஸ்டராக நடித்தவர் அனத்தோல் பிஷே. ஒரு காலத்தில் நாடக மேடையில் பேர்பெற்ற மனிதர், வயதாகி ஞாபகம் தவற ஆரம்பித்திருந்தது. படத்தில் அவருக்கு ஒரே வசனம். ஐந்து டேக்கிலும் தடுமாறினார். ஐந்தாவதில் எலியானின் முகம் அற்புதமாக அமைந்துவிட, இயக்குநர், "இது போதும், கிழவர் பேசுறதை வெட்டிடலாம்" என்றார். அதுவும் போய்விட்டால் இனி அவரை யாரும் கூப்பிடப் போவதில்லை.

"அவர் தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு நின்னாரு ரெமோந்த். என்னால பார்க்க முடியல. 'சார், கையுறை தப்பு. வெளியே வலது கையில இருந்தது, இன்னொரு டேக் எடுத்தே ஆகணும்'னு சொல்லிட்டேன்."

"எலியானுக்குத் தெரியாதா? போட்டிருந்தவளே அவதானே?"

"தெரியாமலா? என்னை ஒரு பார்வை பார்த்தா. 'ஹுகெத் சொன்னா சரியாத்தான் இருக்கும்'னு கழட்டி மாத்தினா. ஒரு கையுறையை மாத்த பத்து நிமிஷம்! அத்தனை நேரமும் பிஷே பக்கத்துல உக்காந்து ஏதோ கதை பேசிட்டே இருந்தா. அடுத்த டேக்ல மனுஷன் கணீர்னு சொன்னாரு."

படம் வந்தது, கையுறை மாறியதைப் பத்திரிகைகள் கிழிகிழியென்று கிழித்தன. இயக்குநர் ஹுகெத்தைத் திரும்பக் கூப்பிடவே இல்லை. எலியான் மட்டும், ஹுகெத் இல்லாவிட்டால் தானும் இல்லை என்று அடுத்த படத்தில் அடம்பிடித்தாளாம்.

"ஞாயித்துக்கிழமை எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன்" என்றேன் ஆத்திரத்தோடு.

"சொன்னே, உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன். அவர் தடுமாறினது ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

"அப்ப உங்க பேரு?"

"அது கிடக்கட்டும். உங்க சங்கத்துக்கு ரெண்டு தடவை வந்தேன்டி. நீங்க போடுற கூச்சல்ல அவர் பேசினது ஒரு தடவைகூடக் காதுல விழல. சிரிங்க, வேண்டாங்கல. கொஞ்சம் பொறுத்துச் சிரிங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஏழு வருடமாகப் பார்க்கிற படம். அந்தக் கிழவர் என்ன பேசுகிறார் என்று எனக்கே தெரியாது! (ஹுகெத், எலியான், பிஷே மூவருமே இப்போது உயிரோடு இல்லை. அதனால்தான் வாய் திறக்கிறேன்.)

அந்த ஞாயிறு படத்துக்கு முன்னால் எழுந்து நின்றேன். "ஸ்டேஷன் மாஸ்டர் பேசி முடிக்கிற வரைக்கும் யாரும் மூச்சு விடக் கூடாது. மீறினா காபி கிடையாது!"

"அப்புறம் எதுக்குக்கா இந்தப் படத்துக்கு வர்றது?" என்றான் கசாப்புக்கடை ஒதிலோன்.

"வாயை மூடிட்டுப் பாரு, தெரியும்."

கதவு திறந்தது. கையுறை வலது கையில். கூட்டம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பிஷே நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தார்.

"கடைசி வண்டி போயிடுச்சு, அம்மணி. உக்காருங்க. விளக்கை நான் அணைக்க மாட்டேன்."

அவ்வளவுதான் வசனம். எலியானின் முகம் ஏன் அப்படி மாறுகிறது என்று அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது. ஒதிலோன் மூக்கை உறிஞ்சினான். இனி கத்தலாம் என்பதே யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரே ஒரு குரல் வந்தது: "கையுறை!"

திரும்பிப் பார்த்தேன். ஹுகெத் லமோத், எழுபது வயதில், கண்ணெல்லாம் நீராக, காலால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தார்.